தலைகீழ் வெல்வெட்

அத்தியாயம் 7

சாகிப்புக்கு நாற்காலியைக் கண்டால் உட்காரத் தோன்றாது. கவிழ்த்துப் பார்க்கத்தான் தோன்றும். வாணியம்பாடியில் அவன் அப்பா இருபத்தெட்டு வருஷம் குஷன் கடை நடத்தியவர். சோபாவின் வயிற்றைக் கிழித்து, பழைய நாரை உருவி, புது நாரைத் திணித்துத் திணித்து வளர்ந்த பிள்ளை அவன். அந்தத் தூசியே வேண்டாம் என்று ஓடிப்போய், வேலூரில் துப்பறியும் தேவயானியிடம் உதவியாளனாகச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. விதி யாரை விட்டது? இன்றைக்கு அவனைக் கொண்டுவந்து பதினாறு பழங்கால நாற்காலிகளின் நடுவில் நிறுத்திவிட்டது.

காவலூரில் நட்சத்திரம் பார்க்கிற வெள்ளைக் கோபுரத்தைத் தாண்டி மூன்று கிலோமீட்டர் போனால் அமீனுல்லாவின் மலைவீடு. தோல் ஏற்றுமதி செய்தவர். மனைவி கனீஸ் ஃபாத்திமா போன பிறகு வியாபாரத்தைக் கைமாற்றிவிட்டு, ஆசை ஆசையாகச் சேர்த்த இருக்கைகளோடு மலையேறிவிட்டார். பதினொரு நாளைக்கு முன்னால், எழுபத்து நான்கு வயதில், இதே கூடத்தில் மவுத்தானார்.

கூடம் பார்க்க ஒரு சின்ன அரண்மனை போல இருந்தது. முதுகு முழுக்கப் பொத்தான் பதித்த விக்டோரியா காலத்து சோபா, கரும்பச்சைத் தோலில். வளைந்த காலும் பொன்பூச்சுமாக நாலு பிரெஞ்சு நாற்காலிகள், இருக்கையில் பூக்கூடை நெய்த கனத்த துணி. குதிரை வால்மயிரில் நெய்த கறுப்புத் துணி போட்ட ஒன்று. தோட்டத்துரைகள் காலை நீட்டிப் படுத்த பிரம்புச் சாய்வு நாற்காலி. எந்தக் காலத்து மரமோ அந்தக் காலத்துத் துணி. தப்பித் தவறிக்கூட ரெக்சின் என்கிற போலித்தோல் ஒன்றிலும் இல்லை. தோல் வியாபாரியின் வீட்டில் ரெக்சின் இருந்தால் அது பெருமாள் கோயில் மடப்பள்ளியில் கருவாடு இருப்பதற்குச் சமம்.

"பதினாறு நாற்காலி, உக்கார ஒரே ஆளு," என்றான் சாகிப். "நம்ம ஆபீஸ்ல ரெண்டே ரெண்டு. அதுலயும் ஒண்ணுக்கு மூணு காலு."

"அதுல நீதான உக்கார்ற, எனக்கின்னா?" என்றார் தேவயானி. ஐம்பது வயது. குரலை உயர்த்திப் பேசி சாகிப் கேட்டதே இல்லை. "மொதல்ல ஃபிஜாம்மா சொல்றதக் கேளு."

ஃபிஜா அமீனுல்லாவின் ஒரே மகள். சென்னையில் பல் டாக்டர். பதினாறு நாற்காலி இருந்தும் எதிலும் உட்காராமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். கண்ணில் ஈரமே இல்லை. கோபம் மட்டும் இருந்தது.

"அப்பா விடிகால சுபுஹு தொழுகை நேரத்துல மவுத்தாயிட்டாரு மேடம். தோட்டத்து ஆளு ரங்கசாமி எனக்குப் போன் பண்ணது ஒன்பது மணிக்கு. நாலு மணி நேரம் அந்தாளு இன்னா பண்ணிட்டிருந்தான்? மய்யத்தக் குளிப்பாட்ட வந்த ஜமாத்துக்காரங்க என்கிட்ட வந்து கேக்கறாங்க, 'ஏம்மா, ஏற்கெனவே யாரோ கழுவித் தொடச்சிருக்காங்களே'ன்னு. யாரு கழுவினா? எதக் கழுவினா?"

"அப்புறம் அந்த நாற்காலி," என்றார் தேவயானி.

ஜன்னலோரம் ஒரு நாற்காலி தனியாக நின்றது. எதிரில் செல்போன் மாட்டும் தாங்கி. வெள்ளிக்கிழமை தோறும் ஜும்மா முடிந்ததும் அமீனுல்லா இங்கே உட்கார்ந்துதான் மகளோடு வீடியோவில் பேசுவார். கால் மடங்காததால் ஐந்து வேளைத் தொழுகையும் இதில் உட்கார்ந்துதான்.

"வெள்ளிக்கிழமை பேசறப்போ அது நீலம். திங்கக்கிழமை மவுத்து. மதியம் நான் வந்து பாக்கறேன், செவப்பு. செத்த வூட்ல யாராவது நாற்காலிக்குத் துணி மாத்துவாங்களா? ரத்தத்த மறைக்காம வேற எதுக்கு மாத்துவாங்க? அப்பா தேடித் தேடி வாங்கின பழைய காலத்துத் துணிங்க ஒரு பெட்டி நிறைய இருந்திச்சு. அதுவும் காலி."

"ரங்கசாமி இன்னா சொல்றாரு?"

"நேத்துலருந்து அடிவார ஸ்டேஷன்ல உக்கார வெச்சிருக்காங்க. வாயவே தொறக்கல."

அதற்குமேல் ஃபிஜாவின் குரல் இறங்கிவிட்டது. நாளைக் காலை ஒன்பது மணிக்குத் தாசில்தார் வருகிறார். வாணியம்பாடி கபரஸ்தானில் அமீனுல்லாவைத் தோண்டி எடுக்கப் போகிறார்கள். மனு கொடுத்தது அவளேதான். கொடுத்த நாள் முதல் தூக்கம் போய்விட்டது.

"மண்ணுக்குள்ள வெச்சவர மறுபடியும் எழுப்பறது பெத்த பொண்ணு பண்ற வேலையா மேடம்? இன்னிக்கு ஆறு மணிக்குள்ள உண்மை தெரிஞ்சா மனுவ வாபஸ் வாங்கிடறேன். தெரியலன்னா தோண்டட்டும். அந்தாளு ஜெயிலுக்குப் போவட்டும்."

சாகிப் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பத்தேகால்.

"நாற்காலிக்காகக் கொல பண்றது கட்சிக்காரங்க வேலன்னு நெனச்சிட்டிருந்தேன்," என்று தேவயானியின் காதில் முணுமுணுத்துவிட்டு நாற்காலியின் முன்னால் மண்டியிட்டான்.

இருநூறு வருஷத்துக்கு முந்திய இங்கிலீஷ்காரன் பாணி. கையும் காலும் மஹோகனி, முதுகும் இருக்கையும் அகலமான சதுர மெத்தை. வெல்வெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து முன்பக்கமாக ஓட்டினான். முகம் சுளித்தது.

"இன்னா?" என்றார் தேவயானி.

"பூனைய வால்லருந்து தலைக்குத் தடவற மாதிரி இருக்கு மேடம். வெல்வெட் இழைக்கு ஒரு படிமானம் உண்டு. முதுகுல மேலருந்து கீழ படியணும். இருக்கைல பின்னாலருந்து முன்னால படியணும். இல்லன்னா உக்கார்றவங்க துணி பின்னாலயே இழுக்கும். குஷன் வேலைல இதான் அரிச்சுவடி. இவன் ரெண்டையும் தலைகீழா அடிச்சு வெச்சிருக்கான்."

"அப்போ அடிச்சவன் தொழில்காரன் இல்ல."

"சோபாத் தொழில்காரன் இல்ல." நாற்காலியைக் கவிழ்த்தான். அடியில் வெல்வெட்டின் ஒவ்வொரு மூலையும் முயல் காது போலக் குவித்து, சணல் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. "இது மூட்டைத் தொழில். தூக்கறதுக்குக் காது வெச்சுக் கட்டியிருக்கான் பாருங்க. நல்லவேள, மேல 'அம்பது கிலோ'ன்னு எழுதல."

தேவயானி சிரிக்கவில்லை. "ஆணியப் புடுங்கு."

சாகிப் ஒவ்வொரு ஆணியாகக் கழற்றினான். துணி அகல அகல ஃபிஜா இரண்டடி பின்னால் போனாள். கறையைப் பார்க்கத் தயாராகி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஆனால் வெல்வெட்டுக்கு அடியில் இருந்தது ரத்தம் அல்ல, பிளாஸ்டிக். யூரியா மூட்டைக்கு உள்ளே வருமே, அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் பையை வெட்டி விரித்து, கோணி ஊசியால் சுற்றிலும் தைத்திருந்தது. அதற்கும் அடியில் பழைய குதிரைமயிர் மெத்தை சுத்தமாக, உலர்ந்து கிடந்தது.

"ரத்தம் இல்லீங்க," என்றான். ஃபிஜா பெருமூச்சு விட்டாளா, ஏமாந்தாளா என்று அவனுக்குத் தெரியவில்லை.

வெல்வெட்டைப் புரட்டிப் பார்த்தான். "எங்கப்பா துணிய வெட்டினதும் மொதல் வேலையா அதோட முதுகுல அம்புக்குறி போடுவாரு. இழை இந்தப் பக்கம் படியுதுன்னு. தலைகீழாப் போயிடக்கூடாதுன்னு எல்லாக் கடையிலயும் அதான் வழக்கம். இதுல அம்பு இல்ல." பிறகு மரச்சட்டத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினான். ஒவ்வொரு ஆணி ஓட்டையாக விரல் வைத்துப் பார்த்தான். உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது.

"ஒரு தடவ துணி மாத்தினா ஒரு வரிசை ஆணி ஓட்டை விழும் மேடம். பழைய ஓட்டை கறுத்திருக்கும். அப்படி மூணு வரிசை. இருநூறு வருஷத்துல மூணு தடவதான் துணி மாத்தியிருக்காங்க. வெளுத்த ஓட்டை புதுசு. ஒரு வருஷத்துக்குள்ள போட்டது. அது பதினொரு வரிசை."

"பதினொண்ணா?" என்றாள் ஃபிஜா. "பச்ச, நீலம், மஞ்ச, கோடு போட்டதுன்னு மாறிட்டே இருந்திச்சு. வேல இல்லாம துணி மாத்தி வெளையாடறாருன்னு கிண்டல்கூடப் பண்ணேன். பதினொண்ணு இருக்கும்னு தெரியாது."

தேவயானி தலைகீழ் வெல்வெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்து தடவ ஒரே நாற்காலிக்குத் துணி அடிச்சவனுக்கு, பதினோராவது தடவ இழை எந்தப் பக்கம்னு எப்படி மறக்கும்?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். பிறகு ஃபிஜாவிடம், "ரங்கசாமி வூட்ல இன்னா வெவசாயம்?"

"சாமை. புளிய மரம் நாலஞ்சு இருக்கு."

சாகிப் மூட்டைக் காதைப் பார்த்தான். தேவயானி ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

*

ரங்கசாமியின் வீடு ஒரு மைல் தள்ளி, சரிவில். புளி உலுக்கும் பருவம். ஊரே புளிக்கோது வாசம் அடித்தது. வாசலில் அவர் மனைவி மங்கம்மாள் புளி மூட்டைக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் சாக்கைக் குவித்தார், சணலைச் சுற்றினார், ஒரே இழுப்பில் காது நின்றது. புருஷன் ஸ்டேஷனில் இருக்கும்போதும் சனிக்கிழமைச் சந்தைக்கு மூட்டை போயாக வேண்டும். ஏழை வீட்டில் துக்கத்துக்குத் தனி நேரம் ஒதுக்க முடிகிறதா?

சாகிப் தேவயானியை முழங்கையால் இடித்தான். அவர் கண்டுகொள்ளாமல் மங்கம்மாளின் எதிரில் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"அந்தத் துணிங்கள எடுத்துட்டு வாங்கம்மா," என்றார், தண்ணீர் கேட்பது போல.

ஊசி பாதியில் நின்றது. மங்கம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து உள்ளே போனார். திரும்பும்போது இடுப்பில் ஒரு கோணிப்பை.

கட்டை அவிழ்த்த சாகிப் அசந்துபோனான். பூவேலை செய்த பட்டு, மொஹேர் ஆட்டுமயிரில் நெய்த நீல வெல்வெட், கோடு போட்ட சாட்டின், வேட்டைக்காட்சி நெய்த கனத்த துணி. அப்பா கடையில் இப்படியொரு துணியின் முழநீளத் துண்டு வந்தாலே கையைக் கழுவிவிட்டுத்தான் தொடவிடுவார். எண்ணினான். பத்து.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கப் பாத்தீங்களே," என்றான். குரல் அவனையும் மீறிக் கடுமையாக வந்தது. "அந்தம்மா சந்தேகப்பட்டது சரிதான் மேடம். பெட்டில இருந்த துணிதான் இது. கையும் களவுமா..."

"தொட்டுப் பாரு," என்றார் தேவயானி.

தொட்டான். வெல்வெட்டின் இழை செத்துப்போயிருந்தது. பட்டில் பளபளப்பு இல்லை. "துவைச்சிருக்காங்க மேடம்! இதப் போய் சோப்புப் போட்டுத் துவைச்சிருக்காங்க! இனிமே இது காலணா பெறாது."

"திருடறவன் துவைப்பானா சாகிப்?"

அவன் துணியை மறுபடி கையில் எடுத்தான்.

"விரிச்சுப் பாரு. எல்லாம் இன்னா வடிவம்?"

எல்லாமே நாற்காலியின் இருக்கையும் முதுகுமாக வெட்டிய சதுரங்கள். ஓரமெல்லாம் ஆணி ஓட்டை. பெட்டியிலிருந்து திருட்டுப்போன துணி அல்ல இவை. அந்த நாற்காலி ஒவ்வொன்றாக உடுத்திக் கழற்றிய துணி. சாகிப் ஒன்றைப் புரட்டினான். பின்பக்கம் அழியாத மையில் ஓர் அம்புக்குறி. பக்கத்தில் நடுங்கிய கையில் உருது எழுத்து. இன்னொன்றைப் புரட்டினான். அதிலும் அம்பு, அதிலும் உருது. பத்திலும் இருந்தது.

"இன்னா எழுதியிருக்கு?"

"'முன்பக்கம்'னு எழுதியிருக்கு மேடம்."

"ரங்கசாமிக்கு உருது தெரியுமாம்மா?"

மங்கம்மாள் இல்லையென்று தலையாட்டினார். "தமிழுலயே கையெழுத்து மட்டுந்தான்."

"அப்போ பெரியவரே அம்பு போட்டுக் குடுத்திருக்காரு. பக்கத்துல நின்னு ஆணி அடிக்கச் சொல்லியிருக்காரு," என்றார் தேவயானி. "தன் பெட்டிலருந்து, தன் கையால எடுத்து. ஒரு வருஷத்துல பத்து தடவ. எதுக்கு?"

"அதான் ஃபிஜாம்மாவே சொன்னாங்களே, வேல இல்லாம..." என்று ஆரம்பித்த சாகிப் பாதியில் நிறுத்திவிட்டான். துணிக்கு அடியில் பிளாஸ்டிக். துவைத்த பட்டு. ஜமாத்துக்காரர்கள் வருவதற்கு முன்பே கழுவித் துடைத்த உடம்பு. ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றபோது கொலையாகத் தெரிந்தது. மூன்றும் சேர்ந்து நின்றபோது அவனுக்குத் தன் சொந்தப் பெரியப்பாவின் கடைசி நாள்கள் ஞாபகத்துக்கு வந்தன. படுக்கை விரிப்பை நனைத்துவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார் அந்த மனுஷர். இவ்வளவு நேரம் அடித்த ஜோக்கெல்லாம் இப்போது அவனுக்கே கூசியது.

"மேடம்," என்றான் மெதுவாக. "அவரால அடக்க முடியல. இல்ல?"

மங்கம்மாள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஐயா எங்க ரெண்டு பேரு கையிலயும் அடிச்சு சத்தியம் வாங்கிக்கினாரு," என்றார். "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். என் வூட்டுக்காரர ஜெயில்ல போட்டாலும் சொல்ல மாட்டேன்."

"நீங்க சொல்ல வேணாம்மா," என்றார் தேவயானி. "நான் சொல்றேன். தப்பா இருந்தா மட்டும் தடுங்க."

மங்கம்மாள் ஊசியை எடுத்துப் பாதியில் விட்ட மூட்டையைத் தைக்க ஆரம்பித்தார். தேவயானி சொல்லிக்கொண்டே போனார். ஒரு வருஷமாகப் பெரியவருக்கு உள்ளே நோய். உட்கார்ந்த இடத்திலேயே, தெரியாமலே நனைந்துவிடும். அஞ்சு வேளை தொழுகிற மனுஷர். கால் மடங்காததால் அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகை. அசுத்தம் பட்ட துணிமேல் உட்கார்ந்து தொழ மனசு ஒப்பவில்லை. ஆணி அடித்த துணியை அப்படியே துவைக்கவும் முடியாது. கழற்றித்தான் துவைக்க வேண்டும். துவைத்தால் அந்த மாதிரித் துணி செத்துப்போகும். மறுபடி அடிக்க முடியாது. ரெக்சின் போட்டிருந்தால் துடைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ரெக்சின் போட்டால் வெள்ளிக்கிழமை மகள் கேட்பாள், என்னப்பா ஆயிற்று உங்களுக்கு என்று. அதனால் பிளாஸ்டிக்கை உள்ளே ஒளித்து, பட்டை வெளியே போட்டார். இருக்கை நனைந்தால் முதுகுக்கும் சேர்த்துத்தான் மாற்றுவார். இரண்டு விதத் துணி போட்ட நாற்காலியில் உட்கார அவருக்குக் கூசும். இருபது வருஷம் தேடிச் சேர்த்த துணிப் பெட்டியை, மகளுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக, ஒவ்வொன்றாக வெட்டித் தீர்த்தார்.

சணல் சரசரவென்று ஓடியது. மங்கம்மாள் தடுக்கவில்லை. கண்ணீர் மூக்கு நுனியில் சொட்டி மூட்டை மேல் விழுந்தது. அதைத் துடைக்கவும் இல்லை.

"அன்னைக்கு சுபுஹுல உயிர் போச்சு," என்றார் தேவயானி. "உயிர் போறப்போ எல்லாரு உடம்பும் கட்டு விட்டுடும். நாற்காலி நனைஞ்சுபோச்சு. மகளுக்குப் போன் பண்ணா மதியத்துக்குள்ள வந்துடுவாங்க. அதனால ரங்கசாமி மொதல்ல அவரக் கழுவினாரு. அப்புறம் பெட்டில மிச்சம் இருந்த கடைசித் துணிய எடுத்து அடிச்சாரு. பத்து தடவ பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தவரு, பதினோராவது தடவ பாயில கெடந்தாரு. அம்பு போட ஆளு இல்ல. வெல்வெட்டு தலைகீழாப் போயிடுச்சு."

மூட்டையின் நாலாவது காதைக் கட்டி முடித்ததும் மங்கம்மாள் ஊசியைக் கீழே வைத்தார்.

"துணிய எரிச்சிடச் சொல்லிச்சு ஐயா," என்றார். "எனக்கு மனசு வரல. துணியப் பத்தி சத்தியம் ஒண்ணும் வாங்கல."

"வைத்தியச் சீட்டு பத்தி?"

மங்கம்மாள் கொஞ்ச நேரம் யோசித்தார். "அதப் பத்தியும் வாங்கல," என்று சொல்லிவிட்டு அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு கவரைக் கொண்டுவந்தார். ஒடுகத்தூரில் ஒரு டாக்டர் எழுதிய சீட்டுகள். எல்லாவற்றிலும் பெயர் ரங்கசாமி. வயது எழுபத்து நான்கு.

"உங்க வூட்டுக்காரருக்கு வயசு இன்னாம்மா?" என்றான் சாகிப்.

"அம்பத்தஞ்சு."

சீட்டில் இருந்த நம்பருக்கு அவனே போன் போட்டான். டாக்டருக்கு அந்த நோயாளியை நன்றாக ஞாபகம் இருந்தது. இஸ்திரி போட்ட வெள்ளை ஜிப்பா, கையில் தஸ்பீஹ் ஜபமாலை, ரங்கசாமி என்று கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்புவார். ஒரு வருஷமாகப் புராஸ்டேட் வீக்கம், சிறுநீர் தானாக ஒழுகும்; அது முற்றி இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. மிஞ்சினால் இரண்டு மாசம் என்று போன மாசமே சொல்லியிருந்தார். வந்தவருக்கு அது அதிர்ச்சியாகவே இல்லையாம். துணைக்கு வந்தவர்தான் வாசலில் உட்கார்ந்து அழுதாராம்.

*

"நீயே சொல்லு," என்றார் தேவயானி, மலைவீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தி. "உங்க வூட்டு வழக்கம் உனக்குத்தான் தெரியும். நான் சொன்னா ரிப்போர்ட் வாசிக்கற மாதிரி இருக்கும்."

மணி நாலு. சாகிப் சொன்னான். எப்போதும் வாயில் வந்து விழுகிற வேடிக்கை எதுவும் அன்றைக்கு வரவில்லை. பத்துத் துணியையும் கூடத்தில் வரிசையாக விரித்தான், அம்புக்குறி மேலே தெரியும்படி. ஃபிஜா குனிந்து அந்த எழுத்தைப் படித்தாள். முதல் துணியில் திடமாக இருந்த எழுத்து, பத்தாவதில் கோணல்மாணலாகக் கிடந்தது.

"இவ்வளவு நாளா... என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? நான் டாக்டர்ங்க. பல்லு பாக்கற டாக்டர்னாலும் டாக்டர்தான. எனக்குப் புரியாதா?"

"பெத்த பொண்ணுகிட்ட எப்படிங்க சொல்லுவாரு," என்றான் சாகிப்.

"நான்தான் சொல்ல விடல." நாற்காலியின் வெற்று மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவள் தரையில் உட்கார்ந்தாள். "போன வருஷம் அவர்கிட்ட சொன்னேன். சென்னைல ஒரு ஹோம் இருக்குப்பா, நர்ஸ் இருப்பாங்க, எல்லாம் அவங்களே பாத்துப்பாங்கன்னு. சிரிச்சிக்கிட்டே வேணாம்னாரு. அதுக்கப்புறந்தான் துணி மாற ஆரம்பிச்சது. தெரிஞ்சா கொண்டுபோய் விட்டுடுவேன்னு என்னப் பாத்து பயந்திருக்காரு. வாராவாரம் என் முன்னாடி பட்டுல உக்காந்து பயந்திருக்காரு."

தேவயானி அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை வைத்தார். ஃபிஜா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். பதினோரு நாளாகக் கோபத்தை முட்டுக்கொடுத்து நிறுத்திவைத்திருந்த அழுகை. கொலை என்றால் யாரையாவது வெறுக்கலாம். இதில் வெறுக்க யாரும் இல்லை என்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று சாகிப்புக்கு அன்றைக்குப் புரிந்தது.

ஐந்தரைக்கு அடிவார ஸ்டேஷனில் இருந்தார்கள். தேவயானி டாக்டர் சீட்டுகளை மேஜையில் வைத்து விஷயத்தைச் சொல்ல, இன்ஸ்பெக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"தாசில்தாருக்கு நான் சொல்லிக்கறேன். ஆனா அந்த ஆளும் ஒரு வார்த்த 'ஆமா'ன்னு சொல்லிட்டா எனக்கு வேல சுலபம்," என்றார்.

ரங்கசாமியைக் கூட்டிவந்தார்கள். ஒடிசலான உடம்பு, கசங்கிய வேட்டி. ஃபிஜாவைக் கண்டதும் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

"அண்ணே," என்றாள் ஃபிஜா. அந்தாளு என்று சொன்ன அதே வாய். "எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சுண்ணே. அப்பாவோட நோவு, துணி, ஒடுகத்தூர் டாக்டரு, எல்லாம். நீங்க அவருக்குச் செஞ்சதும் தெரியும். இனிமே மறைக்க வேணாம்."

ரங்கசாமியின் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"யாரோ உங்களுக்குத் தப்பாச் சொல்லிக்கீறாங்கம்மா. ஐயாவுக்கு ஒரு நோவும் இல்ல. கடைசி வரிக்கும் அவரே கால் கழுவி, அவரே துணி மாத்திக்கினு, ராஜா கணக்கா இருந்தாரு."

"யோவ்," என்றார் இன்ஸ்பெக்டர். "கைல சீட்டு இருக்குய்யா. ஆமான்னு சொல்லிட்டு வூட்டுக்குப் போயேன்."

"அந்தச் சீட்டு என் பேருலதாங்க கீது. அந்த நோவு எனக்குத்தான். வயச டாக்டரு மாத்தி எழுதிட்டாரு. வேணும்னா என்ன உள்ள வெச்சுக்கோங்க."

மகளே வந்து விடுவித்த பிறகும், அந்த மகளிடமிருந்தே அவள் அப்பாவின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு நின்றார் அந்த மனுஷர்.

ஃபிஜா ரங்கசாமியை வெகுநேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, இன்ஸ்பெக்டரிடம் வெள்ளைத்தாள் வாங்கினாள். எழுதினாள். எழுதி முடித்ததும் அவர் பக்கம் திரும்பி, அவர் காதில் நன்றாக விழும்படி படித்தாள்.

"என் தகப்பனார் அமீனுல்லா எந்த நோயும் இல்லாமல், கடைசி வரை தன் வேலைகளைத் தானே பார்த்துக்கொண்டு, இயற்கையாக மரணமடைந்தார். எனக்குத் தவறான தகவல் தரப்பட்டதால் இந்த மனுவைக் கொடுத்துவிட்டேன். திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்." தாளைக் கீழே வைத்தாள். "சரியா எழுதியிருக்கேனாண்ணே?"

"சரியாக் கீதும்மா," என்றார் ரங்கசாமி.

ஃபிஜா கையெழுத்துப் போட்டாள். அந்தப் பேனா தாளைவிட்டு எழும்வரை காத்திருந்துவிட்டு, ரங்கசாமி அப்படியே சுவரோரம் குந்தி உட்கார்ந்து, இடுப்புத் துண்டை அவிழ்த்து அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தன் ஐயாவுக்காக அழ ஆரம்பித்தார்.